ஆமைக்காகத் திரும்பக் கூடாது

கரண்ட் போனதும் யுபிஎஸ் கத்தத் தொடங்கியது.

டிவியை மூடியிருந்த போர்வையை ஜோசலின் வலக்கையால் இழுத்துப் போட்டாள். இடக்கையில் மாவுக்கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

துக்க வீட்டில் டிவி ஓடக் கூடாது என்று போர்வை போட்டவள் அமலராணி அத்தை. டிவியோடு சேர்ந்திருந்த கேம் பெட்டி அணையவில்லை என்பது அத்தைக்குத் தெரியாது. அதன் சின்ன வெள்ளை விளக்கு போர்வைக்குள் இத்தனை நாளும் எரிந்துகொண்டிருந்தது.

தம்பி டெனிஸ் பாதியில் நிறுத்திவிட்டுப் போன ஆட்டம் அதற்குள் இருந்தது. "வந்து முடிக்கிறேன், யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டினான்.

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்தது.

"தாண்டிட்டானாமே. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவன் எதுக்குடி திரும்புனான்?" அத்தை கேட்டாள். ஜெபத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள். போலீஸும் கேட்டது.

தெரியலை என்றுதான் ஜோசலின் எல்லோரிடமும் சொன்னாள்.

இதுவரை வந்துபோன சின்னச் சின்ன கரண்ட் கட்டுகளை யுபிஎஸ் தாங்கிவிட்டது. இன்று இவர்கள் வீடிருக்கும் சேலையூர் பக்கம் பராமரிப்பு வேலை. மாலைவரை கரண்ட் வராது.

பெட்டி அணைந்தால் ஆட்டம் அழிந்துவிடும். நடுவில் சேமிக்க முடியாது. அடுத்த மாடிக்கான கதவைத் தொட்டால்தான் சேமிக்கும். அவன் இதுவரை ஏறிய மாடிகளெல்லாம் அந்த ஒரு கதவில் தொங்கின.

டிவியைப் போட்டாள். நீல அங்கி வீரன் ஒரு காலைத் தூக்கியபடி உறைந்திருந்தான். சுற்றிலும் பல்சக்கரங்கள்.

தண்ணீர் பாட்டிலில் சாய்த்திருந்த போனில், வீடியோ காலில் டெனிஸின் சிநேகிதன் ஜெஃப்ரி, திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, யாரையும் அடிக்கப் போகாதீங்க. புதுசா ஆடறவங்க அடிக்கப் போய்த்தான் மாட்டுவாங்க. நீங்க ஓடுங்க, அவ்ளோதான்."

"சரி."

"ஓரத்துல மணல் குடுவை கீது பாருங்க. அதோட பட்டனை அமுக்குனா நேரம் பின்னாடி போகும். ஒரு தடவைக்குத்தான் மணல் இருக்கு. பயத்துல முன்னாடியே அமுக்கிடாதீங்க. அடி பட்ட அப்புறம் அமுக்குங்க."

"பட்ட அப்புறமா?"

"பட்டு, விழறதுக்குள்ள."

"எனக்கு இதெல்லாம் ஆடவே தெரியாதுடா."

"அவனே மொத மாசம் ஃபுல்லா முதல் மாடியிலயே செத்துக்கினு..." ஜெஃப்ரி சட்டென்று நிறுத்தினான். "சாரிக்கா."

"அடுத்தது சொல்லு."

"ஒரு ஆமை வரும். சும்மா காமெடிக்கு வெச்சிருக்கான். தூக்குனா நாமளும் ஸ்லோ. ஒரு பாயிண்ட்டும் கிடையாது. ஆமைக்காக மட்டும் திரும்பிடாதீங்க."

யுபிஎஸ்ஸின் கத்தல் இப்போது இடைவெளி குறைந்து கேட்டது.

கட்டுக்கு வெளியே நீண்ட விரல்களை கேம் கன்ட்ரோலரின் குச்சியின் மேல் வைத்து, ஜோசலின் ஆட்டத்தை ஓடவிட்டாள்.

உடனே சக்கரம் அடித்தது. வீரன் காற்றில் எகிறினான்.

"இப்போக்கா, இப்போ."

அமுக்கினாள்.

சக்கரம் பின்வாங்கியது. வீரன் தரைக்கு வந்தான். அவள் தொடங்கிய இடம் வந்தது. நேரம் அங்கே நிற்கவில்லை. இன்னும் பின்னால் போனது.

இனி வருவதெல்லாம் டெனிஸின் விரல்கள் ஆடியது.

வீரன் முதுகு காட்டிப் பின்னோக்கியே ஓடினான். சக்கரங்களுக்கு இடையே வளைந்தான், குதித்தான், ஓரிடத்திலும் தயங்கவில்லை. வலப்புறக் கோடியில், வெளிச்சமாகத் திறந்திருந்த கதவுக்கு ஓரடி முன்னால் போய் நின்றான்.

மணல் தீர்ந்தது.

"சூப்பர்க்கா. கதவுகிட்டயே வந்துட்டீங்க. கையை நீட்டுனா போதும்."

ஜோசலின் நீட்டவில்லை.

டெனிஸ் இவ்வளவு பக்கத்தில் நின்றிருக்கிறான். நின்றவன் திரும்பி, சக்கரங்களுக்குள்ளேயே ஓடியிருக்கிறான்.

இடப்புறக் கோடியைப் பார்த்தாள். ஆமை மல்லாந்து கிடந்தது. நான்கு கால்களும் காற்றைத் துழாவின.

"அக்கா, பேட்டரி போயிடும். உள்ள போங்க."

குச்சியை இடப்பக்கம் தள்ளினாள்.

"அய்யோ, அந்தப் பக்கம் இல்லக்கா."

ஓடினாள். ஒரு சக்கரம் அங்கியைக் கிழித்தது. இன்னொன்று தலைக்கு மேல் போனது. ஆமையைத் தூக்கினாள். வீரனின் ஓட்டம் நடையாகியது. பின்னால் பெரிய சக்கரத்தின் நிழல் தரையில் நீண்டு வந்தது.

யுபிஎஸ் ஒரே மூச்சாகக் கத்தி ஓய்ந்தது. திரை கறுத்தது. வெள்ளை விளக்கும் போனது.

கறுத்த திரையில் சோபாவோடு அவள் தெரிந்தாள்.

ஜெஃப்ரி மெதுவாகக் கேட்டான்.

"கதவுகிட்ட போய்ச் சேர்ந்துட்டீங்களேக்கா. அப்புறம் எதுக்குத் திரும்புனீங்க?"

அவள் போனைப் பார்த்தாள்.

"என் செருப்பு வார் அறுந்துபோச்சு ஜெஃப்ரி," என்றாள். "நடுரோட்டுல. நான் குனிஞ்சுட்டேன்."

டெனிஸ் பிடித்துத் தள்ளியதில் ஒடிந்த கையை, அவள் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.