மதாம் ஆரெலியின் பெட்டிகள்

“மதாம் ஆரெலி திரும்பவும் வாறா அண்ணை. இந்தக் கிழமையில இது நாலாந்தரம்” என்றாள் ரஜனி.

கடை முதலாளி பாலச்சந்திரன் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். ரூ லூயி-பிளாங் என்ற பிரெஞ்சுத் தெருவில் அவருடைய பலசரக்குக் கடையில் ரஜனிக்குக் கல்லாவில் வேலை. ஆரெலி, ரஜனி குடியிருக்கும் அதே கட்டடத்தின் முதல் மாடிக்காரி. அறுபது வயது, தனி மனுஷி.

பத்துக் கிலோ அரிசி, பன்னிரண்டு மீன் டின், ஒரு கட்டு மெழுகுதிரி.

“வீட்டில் விருந்தா, மதாம்?” ஒன்றும் தெரியாதவள்போல் பிரெஞ்சில் கேட்டாள் ரஜனி.

ஆரெலி குரலைத் தாழ்த்தினாள். “ரேடியோ கேட்கவில்லையா? உக்ரைன் சண்டை இங்கேயும் வரலாமாம். நீங்கள் யுத்தத்துக்குள் இருந்தவர். சொல்லுங்கள், எது முதலில் தீர்ந்துபோகும்?”

“உப்பு” என்றாள் ரஜனி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. “அடுத்தது நெருப்புப்பெட்டி. அதுக்கு அடுத்தது பொறுமை.”

ஆரெலி முதல் இரண்டையும் வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் தலை மறைந்ததும் கடையே சிரித்தது.

“சிரிக்காதை தங்கச்சி, எனக்கு நல்ல வியாபாரம்” என்றார் பாலச்சந்திரன், கண்ணைத் துடைத்தபடி.

வீட்டுக்கு வந்து கணவன் யசோதரனிடம் சொல்லும்போது ரஜனிக்குச் சிரிப்புப் போய்க் கோபம் வந்துவிட்டது.

“ஒரு மனுசிக்கு என்னத்துக்கு இவ்வளவு? எல்லாத்தையும் கீழ நிலவறையில பூட்டி வைச்சிருக்கிறா. வன்னியில கடைசிச் சண்டை நேரம் பக்கத்துப் பங்கர்க்காரர் பால்மாப் பேணியை மண்ணுக்குள்ள தாட்டு வைச்சவை. எங்கட மகள் அக்‌ஷரா அப்ப கைக்குழந்தை. பசியில கத்தினவள். அவைக்குக் காது கேக்கேல்லை. இவவும் அந்த ரகம்தான்.”

“விடுமப்பா, பயந்த மனுசி.”

“பயமோ? சுயநலம்!”

ஞாயிற்றுக்கிழமை காலை யாரோ கதவைத் தட்டினார்கள். நனைந்த சப்பாத்தோடு ஆரெலி.

“நிலவறையில் குழாய் வெடித்துவிட்டது, ரஜனி. என் பெட்டிகள் எல்லாம் நனையப்போகின்றன. தூக்கிவைக்கக் கொஞ்சம் வருவீர்களா?”

“போம், போய் எத்தினை பெட்டி எண்டு எண்ணிக்கொண்டு வாரும்” என்று தமிழில் சொல்லிக் கண்ணடித்தான் யசோதரன்.

கீழே கணுக்கால் அளவு தண்ணீர். ஆரெலியின் சேமிப்பறையில், தாழ்ந்த பலகையொன்றின்மேல் ஆறு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் தடித்த பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. ரஜனி குனிந்து வாசித்தாள்.

‘இரண்டாம் மாடி, முசியூ ரோமன். கடிக்க முடியாது, சூப் மட்டும்.’

அடுத்தது: ‘மூன்றாம் மாடி, ரஜனி. நான்கு பேர். மாட்டிறைச்சி கூடாது.’

ரஜனி அதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

“கட்டடத்தில் ஆறு வீடுதானே” என்றாள் ஆரெலி, களவில் பிடிபட்டவள்போல. “முதலே சொன்னால் எல்லாரும் சிரிப்பீர்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.”

ரஜனி தன் பெயர் எழுதிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று படியேறினாள்.

“அதை இனி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்!” கீழிருந்து கூப்பிட்டாள் ஆரெலி. “கட்டிலுக்குக் கீழே இடம் இருக்கும்தானே?”

இடம் இல்லை. போன மாதமே, பாலச்சந்திரனுக்குக்கூடத் தெரியாமல் வேறு கடையில் வாங்கி, யசோதரனைக் கொண்டு தூக்குவித்து, ரஜனி அங்கே தள்ளி வைத்த மூன்று மூட்டை அரிசி கிடந்தது. தன் வீட்டு நாலு பேருக்கு மட்டும்.