வெள்ளெலியின் ஞாபகசக்தி

உளவியல் கருத்தரங்கில் பேராசிரியை திரையைக் காட்டிச் சொன்னார்: "கடலை இருக்கும் வழியைச் சோதனையின் நான்காம் நாள் இந்த எலி மறந்துவிட்டது."

மேசைமேல் கூண்டிலிருந்த வெள்ளெலிக்குச் சுருக்கென்றது.

"நான் எங்கே மறந்தேன்? அன்றைக்கு அட்டெண்டர் பாதி வடையைப் போட்டார். வயிறு நிறைந்த பிறகு யாராவது கடலைக்கு ஓடுவார்களா?" என்று சுவர்ப்பல்லியிடம் முணுமுணுத்தது.

"கேள்வி நேரத்தில் சொல்லேன்."

"இத்தனை பேர் முன்னாலா? போங்கண்ணே."

"அப்படியானால் நீ மறதிக்காரிதான். வரைபடமே போட்டுவிட்டார்கள்."

அரங்கம் கைதட்டியது.

மறுநாள் நல்ல பசியோடிருந்த எலியைக் கடலை வைத்த சோதனைப் பாதையில் விட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஓடக்கூடிய பாதைதான். ஆனால் வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் எலி நின்றுவிட்டது. இடப்பக்கமா, வலப்பக்கமா என்று அதற்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.