ஒழுகுகிற பேனா

"துவைக்கிற லட்சணமா இது? போன வாரம் ஒழுகின இங்க்கே இன்னும் போகல. அதுக்குள்ள பாரு, மறுபடியும்!"

ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கணக்கு வாத்தியார் மனைவியிடம் எகிறினார். அவருடைய வெள்ளைச் சட்டையின் வலப்பக்கம், பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்புக் கறை. ஊர்ப் பிள்ளைகளின் தப்பையெல்லாம் காலங்காலமாகச் சுழித்துத் தள்ளிய சிவப்புப் பேனா அவருடையது. அது ஒழுகினால்கூடத் தப்பு மனைவி மேல்தான்.

"பேனாவைத்தான் மாத்தியாச்சேங்க. இது புதுசு. எனக்கென்னவோ இந்தக் கறையைப் பார்த்தா..."

"உன்கிட்ட விளக்கம் கேட்டேனா? மொதல்ல சோப்பை மாத்து."

அந்த வீட்டில் சந்தேகம் கேட்பதற்கென்று ஒரு பீரியட் கிடையாது. அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எதிர் பெஞ்சில் வாத்தியாரின் தங்கைகள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசித் தங்கை சினைப்பையில் புற்றுநோய் வந்து மாடி வார்டில் படுத்திருக்கிறாள். பெற்றவர்கள் வழியாக வந்த மரபணுக் கோளாறுதான் காரணம் என்று அவளுடைய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் வந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

எல்லோரும் என்றால் தங்கைகள் என்று வாத்தியார் அர்த்தம் பண்ணிக்கொண்டு, இருவரையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"எனக்குப் பயமா இருக்குண்ணா" என்றாள் மூத்தவள்.

"பயப்பட என்ன இருக்கு? ஆளுக்குப் பாதி சான்ஸுன்னு சொல்லியிருக்காங்க. நீங்க ரெண்டு பேரு. ரெண்டுல பாதி ஒண்ணு. ஒருத்திக்கு இருக்கும், ஒருத்திக்கு இருக்காது. அவ்வளவுதானே கணக்கு!"

இதைவிட அருமையாக ஆறுதல் சொல்ல எந்த அண்ணனாலும் முடியாது. தங்கைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோத்திருந்த கைகள் மெதுவாக விலகின.

உள்ளே கூப்பிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு மனைவியும் பின்னாலேயே போய் மூலையில் நின்றாள். உட்கார்ந்த கையோடு வாத்தியார் இடப்பக்கப் பையில் குத்தியிருந்த பேனாவை உருவி, மேசை மேல் கிடந்த காகிதத்தில் தன் கணக்கை டாக்டரம்மாவுக்குப் போட்டுக் காட்டத் தொடங்கினார்.

டாக்டரம்மா பொறுமைசாலி. முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"அப்படி இல்ல சார். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பாதி வாய்ப்பு. ரெண்டு பேருக்குமே இருக்கலாம். ரெண்டு பேருக்குமே இல்லாமயும் போகலாம். அப்புறம், நீங்களும் கூடப்பிறந்தவர்தானே? உங்களுக்கும் அதே பாதிதான்."

வாத்தியார் அறை அதிரச் சிரித்தார். "எனக்கா? நல்லா சொன்னீங்க போங்க! நான் ஆம்பளைங்க. பொம்பளைங்க சமாச்சாரம் எனக்கு எப்படி வரும்?"

"இந்தக் கோளாறு இருந்தா மார்புலயும் புற்றுநோய் வரலாம். மார்பு ஆம்பளைங்களுக்கும் இருக்கு சார்."

"அது நிமிர்ந்து நடக்கிறதுக்கு!" என்று சொன்னதோடு நிற்காமல், நிமிர்த்தியும் காட்டினார்.

தங்கைகளுக்குத் தரைக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"பரிசோதனை உங்களுக்கும்தான் செய்யணும், சார். அது இருக்கட்டும். உங்க மூணு பேருக்கும் பொதுவா ஒண்ணு கேக்கறேன். மார்புல கட்டி, தோல் உள்ள இழுத்துக்கிறது, காம்புல நீரோ ரத்தமோ கசியறது... இப்படி யாருக்காவது ஏதாவது இருக்கா?"

தங்கைகள் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஆள்தான் பதில் சொல்வார் என்பது அந்தக் குடும்பத்தில் எழுதப்படாத சட்டம்.

"யாருக்கும் ஒண்ணும் கிடையாது. இருந்தா என்கிட்ட சொல்லாம இருப்பாங்களா?"

ஒரு தலைவலியை அவரிடம் சொல்வதற்கே நான்கு முறை யோசிப்பவர்கள் அவர்கள்.

"ஒண்ணும் இல்லைன்னே எழுதிக்குங்க" என்று உத்தரவு போட்டுவிட்டு, வாத்தியார் பேனாவை மூடி மறுபடியும் பையில் குத்திக்கொண்டார்.

மூலையில் நின்ற மனைவி அந்தப் பேனாவைப் பார்த்தாள். அது குத்தியிருந்த பையைப் பார்த்தாள். பை துப்புரவாக வெள்ளையாக இருந்தது. எத்தனை சட்டைகளை, எத்தனை தடவை கசக்கியிருப்பாள்!

"டாக்டர்..." என்றாள்.

"உன்னை யாராவது கேட்டாங்களா?" என்று வாத்தியார் திரும்பினார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல்முறையாக, அவர் பேச்சைக் காதில் வாங்காமல் டாக்டரம்மாவைப் பார்த்தே சொன்னாள்.

"இவரு பேனா வைக்கிறது இடது பக்கம் டாக்டர். கறை படியறது வலது பக்கம்."