எதிர்வீட்டு ஆட்சேபணை

"நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அந்தக் கறுப்புப் பலகை அங்க ஏறாது!"

தெரு நடுவில் நின்று டெலியோ போட்ட சத்தத்தில், கூரை மேலிருந்த காத்யாவின் கையிலிருந்து அளவுநாடா நழுவி விழுந்தது. சோலார் பேனல் எவ்வளவு உயரத்துக்கு எழும்பி நிற்கும் என்று காட்ட, நிவெஸ் வீட்டுக் கூரையில் அப்போதுதான் கம்புகளை நட்டு முடித்திருந்தாள். லுகானோ ஏரிக்குத் தெற்கே அந்தக் கிராமத்தில் அதுதான் முறை. கம்பைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தார் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம்.

ஆட்சேபிப்பவர் எப்போதும் டெலியோதான்.

"கிராமத்தோட அழகு என்ன ஆகுறது? இருநூறு வருஷத்துக் கூரை இது!"

கம்புகளுக்குப் பின்னால், கூரைச் சரிவிலேயே இருந்த மாடி ஜன்னலிலிருந்து நிவெஸ் எட்டிப் பார்த்தார். "உங்க வாசல்ல கிடக்குதே பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் இருநூறு வருஷத்துதா, சின்யோர் டெலியோ?"

இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு கைவண்டி போகிற அளவுக்குத்தான் தெரு. நிவெஸ் தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். டெலியோ ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர், கல்யாணம் என்ற பேச்சையே எடுக்காதவர். நிவெஸ் மாடியில் வெயிலுக்குத் துணிப்பந்தல் போட்டார், டெலியோ ஆட்சேபித்தார். டிஷ் ஆன்டெனா வைத்தார், அதற்கும் ஆட்சேபணை. வாசற்கதவுக்குக் கத்தரிப்பூ நிறம் அடித்தபோது மட்டும், ஊரே முகம் சுளித்தும் அவர் வாயைத் திறக்கவில்லை.

காத்யா ஏணியில் இறங்கி வந்தாள். சொந்தமாகத் தொழில் தொடங்கியவளுக்கு இதுதான் முதல் வீடு. வரைபடத்தை மாற்றி மாற்றிக் கை ஓய்ந்துபோயிருந்தது. இதுவும் நின்றுபோனால் இந்த ஊரில் வேறு யார் கூப்பிடுவார்கள்?

"சின்யோரா, நான் முதல்லயே சொன்னேன். சோலார் ஓடு போட்டுக்கலாம். பாக்க மண் ஓடு மாதிரியே இருக்கும், கூரையோட கூரையாப் படிஞ்சிடும். செலவு கூடத்தான். கரண்டும் கொஞ்சம் குறைச்சலாத்தான் வரும். ஆனா உங்க கூரை ஒழுகுது, எப்படியும் பிரிச்சு மாத்தணும். அப்பப் பாத்தா ஓடுதான் லாபம்."

"பேனல்தான் வேணும்," என்றார் நிவெஸ். "இன்னும் ஒரு முழம் உசத்த முடியுமா?"

"இதுக்கு மேல உசத்தினா காத்துல கூரையே பறந்துடும்!"

நிவெஸ் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

வேறு வழியில்லை. மாதிரி ஓடு ஒன்றை எடுத்துக்கொண்டு காத்யா எதிர்வீட்டுக்குப் போனாள். டெலியோ அடுப்படியில் மரக்கரண்டியால் பொலெந்தா என்ற சோளமாவுக் களியைக் கிண்டிக்கொண்டிருந்தார். ஓட்டை வாங்கித் தட்டிப் பார்த்தார். ஜன்னலருகே போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிர்க்கூரையோடு வைத்து ஒப்பிட்டார்.

"இது எழும்பி நிக்காதே?"

"விரல்கடை கூட எழும்பாது."

"அப்ப ஜன்னல் மறையாது."

"எந்த ஜன்னல்?"

டெலியோவின் காது சிவந்தது. அடுப்பில் மாவு அடிப்பிடிக்கத் தொடங்கியது.

"காலையில அவங்க ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டுக் காபி குடிப்பாங்க. நானும் இங்க நின்னு குடிப்பேன். ஒண்ணா உக்காந்து குடிக்கிற மாதிரி... போன ஈஸ்டருக்குக் கப்பைத் தூக்கிக் கூடக் காமிச்சாங்க." குரல் இறங்கியது. "யார்கிட்டயும் சொல்லிடாதே பொண்ணே."

காத்யாவுக்குச் சிரிப்பு வந்தது.

"ஆயுசு முழுக்க சிக்னல் பாத்தவர்தானே நீங்க? என்கிட்ட கொடி காட்டினா வண்டி எப்படி நகரும்? அங்க போய்ச் சொல்லுங்க."

டெலியோ சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். அந்தச் சின்னத் தெருவைக் கடப்பதற்குள் தலையை எத்தனை முறை கோதினாரோ. காத்யா ஓட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். கதவு திறந்தது.

"வந்து... ஓடே போட்டுக்கலாமே, சின்யோரா. ஓடுன்னா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"பேனல்ல என்ன குறை?"

"அழகு... கிராமத்தோட..." எச்சில் விழுங்கினார். "உங்க முகம் மறைஞ்சிடும்."

நிவெஸின் கை கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டது.

"உங்க மேல கருகின வாசனை அடிக்குது," என்றார் மெதுவாக. "போய் அடுப்பை அணைங்க. நாளைக்குக் காலையில காபிக்கு இங்க வந்துடுங்க."

டெலியோ தலையாட்டிய வேகத்தில் படியில் தடுக்கி, சமாளித்து, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

காத்யா பெருமூச்சு விட்டாள். "நல்லவேளை! அப்ப ஓடுதானே, சின்யோரா? என்ன நிறம்னு பாத்துச் சொல்லுங்க, பையில நாலஞ்சு வகை இருக்கு."

"பாக்க வேண்டாம். வெளுத்த செங்கல் நிறம். நீ முதல் தடவை காட்டினப்பவே அதுதான்னு முடிவு பண்ணிட்டேன்."

காத்யா கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்தாள். "அப்புறம் எதுக்கு பேனல் பேனல்னு என்னை இத்தனை தடவை கூரை ஏத்தி எறக்கினீங்க?"

நிவெஸ் கண்ணாடி முன் நின்று தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார்.

"முதல்லயே ஓடுன்னு சொல்லியிருந்தா, அந்த மனுஷன் என் வீட்டுப் படி ஏறியிருப்பாரா?"