நெளிந்த நூல்

தண்ணீர்த் தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்க்க மாடிக்கு வந்த அன்புக்கரசி, எதிர்வீட்டு மாடிக் கொடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

கொடியில் கம்பளி நூல் வளையம் வளையமாகச் சுற்றிய சிட்டங்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கடையில் வாங்கிய நூல் இப்படி நெளிந்திருக்காது. பின்னிப் பிரித்த நூல்தான் நனைத்துக் காயவைத்த பிறகும் பழைய வளைவுகளை விடாமல் சுருண்டு கிடக்கும்.

மாதுளைச் சிவப்பு, கடுகு மஞ்சள், கருநீலம். சந்தேகமே இல்லை. அவள் பின்னிக் கொடுத்த போர்வை.

"நீங்க குர்ஷித் அக்காவுக்குக் குடுத்ததுதானக்கா அது?" பக்கத்து மாடியில் வடகம் புரட்டிக்கொண்டிருந்த சுகன்யா கேட்டாள். "நாலஞ்சு நாளா எடுக்காமயே கிடக்கு. பிடிக்கலைன்னா வாங்கும்போதே சொல்லியிருக்கலாம். அதை ஊர் பாக்கவா காயப்போடுவாங்க?"

அன்புக்கரசி விடுவிடுவென்று இறங்கினாள். அவள் மாடிக்கு ஏறியே வெகுநாளாயிற்று. ஒருத்தியின் துணிக்குக் கொல்லைப்புறக் கயிறே போதுமானதாக இருந்தது.

கணவர் காலமாகி, மகன் ரோஹித்தும் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு, மாலைப் பொழுதைத் தள்ளுவதற்காகத்தான் அவள் குரோஷா ஊசியைக் கையில் எடுத்தாள். உள்ளங்கை அகலச் சதுரங்கள். ஒன்றின் நடுவில் சூரியகாந்தி, இன்னொன்றில் நட்சத்திரம், வேறொன்றில் வெறும் வட்டம். எந்த நிறத்தோடு எது சேரும் என்று புரியாமல் ஒரு நாள் எதிர்வீட்டுப் படியேறினாள்.

குர்ஷித் பேகம் நூலுருண்டைகளைத் தரையில் பரப்பி, கல்யாணப் பட்டு எடுப்பவளைப் போல ஒவ்வொன்றாக ஒட்டவைத்துப் பார்த்து நிறம் சொன்னாள். மறுநாளும் ஒரு சதுரத்துக்கு நிறம் தேவைப்பட்டது. அதற்கு மறுநாளும். பிறகு அதுவே வழக்கமாயிற்று. இவள் பின்னுவாள்; அவள் நிறம் சொல்வாள். நடுவில் தேநீர்.

குர்ஷித்தின் கணவர் முனீருக்குப் பிரியாணிக் கடையே வீடு. பிள்ளைகள் துபாயில் இருந்தார்கள். எப்போதாவது மாலையில் வீட்டுப் பக்கம் வந்தால் முனீர் போர்வையைத் தொட்டுப் பார்த்துச் சிரிப்பார். "திண்டுக்கல் வெயிலுக்கு இதைப் போத்திக்கிட்டுப் படுத்தா, ஆளையே தம் போட்ட மாதிரிதான்."

பொங்கல் கழிந்து, சதுரங்கள் எல்லாம் இணைந்து போர்வையானது. நிறம் எல்லாம் உங்களுடையது, உங்களிடம்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, அன்புக்கரசி அதை மடித்துக் குர்ஷித்திடமே கொடுத்துவிட்டாள். குர்ஷித் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஆனால் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அதை இப்போது நினைத்துப் பார்த்தபோது அன்புக்கரசிக்குச் சுருக்கென்றது.

அதன் பிறகு அவள் அங்கே போகவில்லை. காரியம் ஏதுமின்றி ஒரு வீட்டில் போய் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. வாசலில் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. மாலையில் தொலைக்காட்சி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். இவள் எதிரே உட்கார்ந்திருப்பாள்.

தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குள் நுழைந்தபோது, குர்ஷித் பேகம் கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பாதிப் போர்வை. பக்கத்தில் கவிழ்த்துவைத்த முக்காலி. அதன் கால்களைச் சுற்றி மாட்டிய சிவப்பு நூல் ஒரே சிக்கலாகியிருந்தது. தட்டில் இரண்டு தம்ளர் தேநீர் ஊற்றி மூடியிருந்தது.

யாரோ விருந்தாளி வரப்போகிறார்கள். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும் என்று அன்புக்கரசி முடிவு செய்துகொண்டாள்.

"பிடிக்கலைன்னா எங்கிட்டயே திருப்பிக் குடுத்திருக்கலாமேக்கா."

குர்ஷித் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் குற்ற உணர்வு துளியும் இல்லை.

"பிடிக்கலைன்னு யாரு சொன்னா? செத்த உக்காரு. கையை நீட்டு."

"நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க."

"சொல்றேன். மொதல்ல கையை நீட்டு. முக்காலியில மாட்டிச் சுத்திப் பாத்தேன், சிக்கு விழுந்துபோச்சு. உருண்டை சுத்தணும்னா எதிர்ல ஒரு ஆளு வேணும்."

கோபம் அடங்கவில்லை. ஆனாலும் கைகள் தாமாக நீண்டன. குர்ஷித் முக்காலியிலிருந்து சிவப்புச் சிட்டத்தைக் கழற்றி, அந்தக் கைகளில் மாட்டி, சிக்கை மெல்ல விலக்கி, நுனியைத் தேடி எடுத்துச் சுற்றத் தொடங்கினாள். நூல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறி மாறி அவிழ்ந்து, குர்ஷித்தின் விரல்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்புக்கரசி கையை நீட்டியபடியே கேட்டாள். "எம்புட்டு நாள் பின்னுனது. அதைப் பிரிச்சதும் இல்லாம, ஊரே பாக்குற மாதிரி கொடியில வேற போட்டிருக்கீங்க."

குர்ஷித் உருண்டையை மடியில் வைத்தாள். ஒரு தம்ளரின் மூடியை எடுத்து, அதை அன்புக்கரசியின் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"ஊரு பாக்க எதுக்கு? போர்வை முடிஞ்சதும் நீ வர்றதும் நின்னுபோச்சு. உன் வீட்டு மாடியில இருந்து தெரியுற பக்கமாப் பாத்துத்தான் போட்டேன். அது காஞ்சு எத்தனையோ நாளாச்சு அன்பு, நீதான் மாடிக்கு வரவே இல்லை."