கானியாவிலிருந்து வந்த கடிதம்

கிரேக்க-துருக்கிப் போர் முடிந்த கையோடு கிரீட் தீவின் கானியா நகரிலிருந்து விரட்டப்பட்டு, துருக்கியின் அய்வாலிக் ஊரில் குடியேறிய ஷாகிர் பேவுக்கு, மாதம் தவறாமல் கானியாவிலிருந்து காலியோப்பி என்ற பெண்ணின் கடிதம் வந்தது. உறையைப் பிரிக்கும் முன்பே அவர் அழுதுவிடுவார்.

“பேரன் எடுத்த வயசுல யாருங்க அந்தக் கிரேக்கக்காரி? நம்ம குடும்ப மானம் என்ன ஆகுறது?” என்று மனைவி பெஹிஜே சீறினாள்.

“நாம விட்டுட்டு வந்த வீட்ல இப்ப குடியிருக்கிறவ. என் தபால்தலை ஆல்பத்தை அனுப்பச் சொல்லி எழுதினேன்.”

“அனுப்ப மாட்டேங்கிறாளா?”

“அனுப்புறாளே, மகராசி! முத்திரையே படாத என் கிரேக்கத் தபால்தலைங்களை ஒவ்வொண்ணா உறை மேல ஒட்டி அனுப்புறா. தபாலாபீஸ்காரன் அதுங்க மூஞ்சியிலயே கறுப்பு முத்திரையைக் குத்தி அனுப்புறான்!”

பெஹிஜேவுக்குப் போன மூச்சு வந்தது.

“தொலையட்டும். கரி பூசினது தபால்தலை முகத்துலதானே, நம்ம முகத்துல இல்லையே!”