டிபன் காரியரில் மீன்

கழுவுவதற்காக டிபன் காரியரைப் பிரித்த லலிதாம்பாள், அடித் தட்டைத் திறந்ததும் அலறாத குறையாகப் பின்வாங்கினாள். உள்ளே ஒரு மீன் கிடந்தது.

கரமனை அக்ரஹாரத்து அடுக்களையில் மீன். இடுக்கியால் அதைப் புரட்டிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. துணி மீன். சாம்பல் நிற ஃபெல்ட்டை வெட்டி, உள்ளே பஞ்சு அடைத்து, கண்ணுக்குச் சட்டைப் பொத்தான் வைத்துத் தைத்திருந்தது. குழந்தைகள் சொப்பு வைத்து விளையாடுகிற சாமான்.

அந்த ஃபெல்ட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். போன மாதம் கோயில் நடையில் காணாமல் போய்விட்டதாக அவள் கணவர் ஸ்ரீகண்டன் சொன்ன ஆபீஸ் தொப்பி அது.

"ஏன்னா, இது எப்படி இதுக்குள்ள வந்தது?"

ஸ்ரீகண்டன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ராமசுப்ரமணியன் ரூம்ல ஏதாவது கொழந்தை போட்டிருக்கும்."

"அவர் ஒண்டிக்கட்டைன்னுதானே சொன்னேள்?"

"பக்கத்தாத்துக் கொழந்தையாக்கும். கேள்வி கேக்காம காபியைக் கொண்டா."

சனிக்கிழமைதோறும் சாயங்காலம் அவர் பத்மநாபசாமி கோயிலுக்குப் போவார். ஹோட்டல் சாப்பாட்டில் வயிறு கெட்டுப்போன ஆபீஸ் நண்பர் ராமசுப்ரமணியனுக்கென்று டிபன் காரியரும் கூடப் போகும். நண்பருக்குப் பாகற்காய் பிட்லை என்றால் இஷ்டமாம். பாகற்காயைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிற ஸ்ரீகண்டன், சாலைக் கடைகளில் பிஞ்சாகப் பொறுக்கி அவரே வாங்கிவருவார்.

அந்த வீட்டில் பிட்லை என்றால் இன்னொரு பிடி சோறு கேட்கிறவள் ராஜமணி ஒருத்திதான். பெற்ற மகளுக்கு ஸ்ரீகண்டன் எள்ளும் தண்ணீரும் இறைத்து வருஷங்கள் ஆகிவிட்டன. அதற்கப்புறம் பாகற்காய் வீட்டுக்குள் வந்தது இந்த நண்பருக்காகத்தான். யாரோ ஒருவர் வயிறாரச் சாப்பிடட்டும் என்று லலிதாம்பாளும் மனசோடு வறுத்து அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வயிறு யாருடையது என்று இப்போது புரிந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. மீன் தின்கிற ஒருத்தி. அவளுக்கு ஒரு குழந்தை. தொப்பியை வெட்டித் தைக்கிற அளவுக்கு உரிமை வேறு. 'என் கையாலயே அவளுக்கு வடிச்சுக் கொட்ட வச்சுட்டாரே' என்று நினைத்தபோது அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. மற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியாது என்றிருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒன்றும் தெரியாதவள் போலப் பிட்லை செய்து அடுக்கிக் கொடுத்தாள். அவர் தெருமுனை திரும்பியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். நினைத்தது நிஜமென்றால் அங்கேயே நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டு, திருநெல்வேலிக்கு அண்ணா வீட்டோடு போய்விடுவது என்று தீர்மானித்திருந்தாள். மீனை முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள்.

கோயில் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஆரியசாலையில் மளிகை மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் நுழைந்தார். ஓட்டு வீடு ஒன்றின் கதவைத் தட்டாமலே தள்ளிக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் போகிற மாதிரி போனார்.

லலிதாம்பாள் வாசலில் நின்று பார்த்தாள். ஸ்ரீகண்டன் பாயில் சம்மணமிட்டிருந்தார். எதிரே ஒரு பெண் குழந்தை, ஃபெல்ட் இட்லி, ஃபெல்ட் அப்பளம், ஃபெல்ட் பாகற்காய் என்று ஒவ்வொன்றாகச் சொப்புத் தட்டில் வைத்து அவருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தது. வீட்டில் உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டைத் தள்ளுகிறவர், துணி இட்லியை வாயருகே கொண்டுபோய்ச் சப்புக்கொட்டினார்.

"கொள்ளாம், கொள்ளாம்," என்று மலையாளத்தில் மெச்சினார்.

லலிதாம்பாள் முடிச்சை அவிழ்த்து மீனை உள்ளே வீசினாள்.

"அம்மே, எண்டெ மீனு கிட்டி," என்று குழந்தை கத்தியது. ஸ்ரீகண்டனின் கை அந்தரத்தில் நின்றது.

அடுக்களையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள் ராஜமணி.

எள்ளும் தண்ணீரும் இறைத்தது செத்தவளுக்கு அல்ல, காலேஜில் கூடப் படித்த கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டு போனவளுக்கு. இரண்டு பேரும் கொழும்புக்குக் கப்பலேறிவிட்டார்கள், விலாசம்கூடக் கிடையாது என்று சொன்னவர் ஸ்ரீகண்டன். உயிரோடிருக்கிற பெண்ணுக்குக் கருமம் செய்யாதீர்கள் என்று அன்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறியவள் லலிதாம்பாள். குடும்ப மானம் என்று காலை உதறிக்கொண்டு குளத்துக்குப் போனார் அவர்.

நடந்து வந்துவிடுகிற தூரத்தில் இருந்திருக்கிறாள் பெண். பேத்தி பிறந்து, வளர்ந்து, சொப்பு வைத்து விளையாடுகிறது. இத்தனை நாளும் அவர் மட்டும் வந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

லலிதாம்பாள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

ராஜமணி கிட்டே வரவில்லை. பாயோரம் இருந்த டிபன் காரியரை அவசரமாக எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியாம அப்பா கொண்டு வந்துட்டார், அவரைத் திட்டாதே," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கச் சொன்னவள் நீதானேம்மா."